கதவோரம் நின்றவர்

அவர் முன்னால் ஒரு நிமிடம் நிற்காமல் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையிலிருந்து யாரும் வெளியே போய்விட முடியாது. பெண்டாட்டி, மகள் என்றால் சரி, வீட்டு ஆட்கள். பால்காரர், சிலிண்டர் போடுகிறவர், பக்கத்து வீட்டு நான், ஷிப்டுக்கு ஓடுகிற என் வீட்டுக்காரர் என்று ஒருவரையும் அவர் விட்டதில்லை. முதலில் தலை. ஹெல்மெட் வாருக்கும் தாடைக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டுப் பார்ப்பார். அப்புறம் தோள், பை வார், முதுகு, இடுப்பு, கடைசியாகச் செருப்பு. எல்லாம் திருப்தி என்றால் தோளில் ஓங்கி ஒரு தட்டு. "ஓகே, போலாம்." அந்தத் தட்டு விழாமல் நகர்ந்தால் கூப்பிட்டு மறுபடி தலையிலிருந்து ஆரம்பிப்பார்.

பிளாக்கில் அவருக்குப் பெயரே செக்கிங் அண்ணன்தான். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் வழி சொல்லத் தெரியாது.

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. என் வீட்டுக்காரருக்கு நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை. நாங்கள் அந்தக் குவார்ட்டர்ஸுக்குக் குடி வந்த அன்றே இவரிடம் மாட்டிக்கொண்டோம். ஒரே கூரையை நடுச்சுவர் வைத்துப் பிரித்த இரட்டை வீடு அது. அவர் பாதி, நாங்கள் பாதி. சாமான் வந்த லாரியின் கயிற்றை ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்தக் கட்டோட விருத்தாசலம் தாண்டி வந்தியா? உன்னை நம்பி ஒரு குடும்பம் அனுப்பியிருக்குது பாரு," என்று டிரைவரைப் பிடிபிடி என்று பிடித்தார். சாமானெல்லாம் இறங்கிக்கொண்டிருக்கிறது, இனி கட்டு நன்றாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. டிரைவர் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

அவருக்குச் சொந்த ஊர் முத்தாண்டிக்குப்பம். மீசை அரும்பிய வயசில் பட்டாளத்துக்குப் போய், விமானத்திலிருந்து பாராசூட்டோடு சண்டைக்குள் குதிக்கிற படைக்குத் தானே பெயர் கொடுத்துச் சேர்ந்தவர். அதற்கு யாரையும் கட்டாயப்படுத்த மாட்டார்களாம். பயிற்சியில் பாதிப் பேர் கழன்றுகொள்வார்களாம். இவர் கழன்றுகொள்ளவில்லை. வருஷக்கணக்காகக் குதித்து முட்டி போன பிறகு, குதிக்க விடாமல் விமானக் கதவோரம் நிற்க வைத்துவிட்டார்கள். குதிக்கப் போகிற பையன்களைக் கடைசியாகச் சோதித்து வெளியே அனுப்புகிற வேலை. பென்ஷனோடு ஊர் திரும்பி, டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த மனைவியின் குவார்ட்டர்ஸில் வந்து தங்கியும், அந்தக் கதவை விட்டு மனுஷன் நகரவேயில்லை. நான் கண்டது இதுதான்.

ஒருநாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன்.

"ஏண்ணே, குதிக்கிறவங்களுக்குத் தன் பாராசூட்டைத் தானே பாத்துக்கத் தெரியாதா?"

"நெஞ்சுல இருக்கிறதைப் பாத்துக்குவான் தங்கச்சி. முதுகுல இருக்கிறதை எப்படிப் பாப்பான்? வரிசையா நிக்கும்போது பின்னாடி இருக்கிறவன் முன்னாடி இருக்கிறவன் முதுகைப் பாக்கணும். பாத்துத் தட்டிச் சொல்லணும்."

"அப்ப கடைசியா நிக்கிறவன் முதுகு?"

அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. முகம் மலர்ந்துவிட்டது. "அவன் அப்படியே திரும்பி நின்னுக்குவான். அவனுக்கு முன்னாடி இருக்கிறவன் பாத்துச் சொல்லணும். எவ்ளோ பெரிய ஆபீசரா இருந்தாலும் சரி, தட்டு விழற வரிக்கும் திரும்பிகினுதான் நிக்கணும். பாக்குறேன்னு ஒருத்தன் சொன்னா முடியாதுன்னு சொல்லக் கூடாது."

திருவதிகைக் கோயிலில் எங்கள் வரிசையில் ஒரு வீட்டுக் கல்யாணம். வேன் பிடித்திருந்தோம். விடியற்காலையில் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக நாங்கள் வந்து நின்றால், இவர் வேனுக்கு அடியில் படுத்திருக்கிறார். சக்கரத்தின் நட்டு, ஸ்டெப்னி, பின்கதவுத் தாழ்ப்பாள். அது முடிந்ததும் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். புடவை முந்தானை கதவில் மாட்டும், இழுத்துச் செருகுங்கள். சின்னப் பிள்ளையை ஜன்னல் பக்கம் விடாதீர்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு விசிறிக்கொண்டிருந்தார்கள். வேனில் வந்த அத்தனை பேரும் அவரை முறைத்துக்கொண்டே இரண்டாம் பந்தியில் சாப்பிட்டோம். அவரோ நிம்மதியாகப் பாயசத்தை இரண்டு முறை வாங்கிக் குடித்தார். வந்த ஆட்கள் முழுசாக வந்து சேர்ந்துவிட்டார்களே, அவருக்கு அது போதும்.

அவரைத் திட்டவும் முடியாது, அதுதான் தொல்லை. ஒருமுறை என் வீட்டுக்குள் வந்து, அடுப்புக்கும் சிலிண்டருக்கும் நடுவிலிருந்த டியூபைத் தடவிப் பார்த்து, எலி கடித்திருந்த இடத்தை என் விரலைப் பிடித்துத் தொட வைத்தார். சில்லென்று இருந்தது எனக்கு. அன்று சாயங்காலம் ஊரிலிருந்து என் அக்கா பிள்ளைகள் வருவதாக இருந்தது, வடை சுட மாவு ஆட்டி வைத்திருந்தேன். அவர் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இப்படி வரிசையில் ஆளுக்கு ஒரு நன்றிக்கடன். அதனால் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முன்னால் நின்றோம்.

மைன்ஸ் கேட்டில் கான்ட்ராக்ட் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். ஷிப்டு விட்டு வருகிற அத்தனை பேரின் பையையும் அடிவரை பார்த்தால் என்ன ஆகும்? வரிசை பஸ் நிற்கிற இடம் வரைக்கும் நீண்டு, பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் சத்தம் போட்டு, கடைசியில் ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு பழைய கேட்டுக்கு அவரை மாற்றிவிட்டார்கள். பழுப்பு நிலக்கரித் தூசு படிந்த தகரக் கூண்டு. எதிரில் பூட்டிய கேட். அதற்கு அந்தப் பக்கம் மண்மேடு. ஒருநாள் அந்த வழியாகப் போன என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். "கூண்டுக்கு வெளிய விறைப்பா நிக்கிறாருடி. யாரும் வரவே மாட்டாங்க, அங்க போய் நிக்கிறாரு. என்னைக் கண்டதும் அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பாக்கணும். பையைக் கொடுத்தேன். பாவம், பாத்துட்டுப் போகட்டும்."

இந்த அளவில் நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அந்த வேலைக்கு மாறிய பிறகு வீட்டில்தான் பிடி இறுகியது.

ஒருநாள் பின்வாசல் பக்கம் துணி காயப்போடப் போனவள் பார்த்தேன். அவர்கள் வீட்டுப் பின்கதவை உள்ளே பீரோவை நகர்த்தி அடைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "ரெண்டு கதவு இருந்தா ரெண்டுலயும் ஆள் நிக்கணும். நான் ஒருத்தன்தானே இருக்கேன்," என்றார். ஏதோ கொத்தமல்லி விலை சொல்வது போலச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எச்சில் தட்டு கழுவவும் முன்வாசல் வழியாகத்தான் சுற்றி வர வேண்டும். சுற்றி வருகிறவர் அவரைத் தாண்டித்தான் வர வேண்டும்.

அக்கா, அதாவது அவர் மனைவி, ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி கேட்டுக் கேட்டு வாங்கிக்கொள்வார். மற்ற நர்சுகள் நைட் என்றால் ஓடுவார்கள். இவர் அவர்களுடையதையும் சேர்த்து வாங்குவார். உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று நான் கேட்டபோது சொன்னார்:

"அங்க ஒரு வார்டுலேர்ந்து இன்னொரு வார்டுக்கு யாரையும் கேக்காம நடந்து போறேன். அதுவே எனக்கு லீவு மாதிரி இருக்குதும்மா. அடிச்சா, குடிச்சா, நாலு பேரு கிட்ட போயிச் சொல்லலாம். இந்த மனுஷன் செருப்பு வாரைக் குனிஞ்சு பாக்குறாரு. இதை எங்க போயிச் சொல்றது?"

பிளாக்கில் ஒரு கதை உலவியது. இவர் சரியாகப் பார்க்காமல் அனுப்பிய பையன் ஒருவன் பாராசூட் விரியாமல் செத்துப் போனானாம். அந்த அதிர்ச்சியில்தான் இப்படி ஆகிவிட்டாராம். நானும் அதை நம்பினேன். நம்பினால் அவர் மேல் எரிச்சல் வராமல் பரிதாபம் வந்தது, வசதியாக இருந்தது. ஒருநாள் மனசு தாங்காமல் கேட்டே விட்டேன். யாராவது போய்ச் சேர்ந்துவிட்டார்களா அண்ணே என்று.

"எவன் சொன்னான்?" என்றார். கோபமில்லை, நிஜமாகவே ஆச்சரியம். "நான் கதவுல நின்ன வரிக்கும் ஒருத்தனுக்குக் கூட ஒண்ணும் ஆவல தங்கச்சி. என் முட்டி போச்சு, அது நான் குதிச்சதுல. நான் அனுப்புனவன் எல்லாம் கீழ எறங்கிப் பாராசூட்டைச் சுருட்டிகினு நடந்தான்."

அதை அக்காவிடம் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அது எனக்கும் தெரியும். ஒருத்தனுக்காவது கை கால் ஒடிஞ்சிருந்தா, நம்ம பாத்தாலும் இப்படித்தான் ஆவும்னு விட்டிருப்பாரு. இவருக்குத் தப்பே நடக்கலியே. அப்பறம் எப்படி விடுவாரு?"

எனக்கு அப்போதுதான் உள்ளுக்குள் பயம் வந்தது. ஒரு சாவு காரணம் என்றால் என்றைக்காவது ஆறும் என்று காத்திருக்கலாம். ஆறுவதற்கு இங்கே காயமே இல்லை.

அவர்கள் மகள் தேன்மொழி எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கெட்டிக்காரி. சென்னையில் முதல் வேலை கிடைத்தது. அப்பா போய் ஹாஸ்டலைப் பார்த்துவிட்டு வந்து, மாடிக்கு ஒரே படிக்கட்டு, தீப்பிடித்தால் எப்படி இறங்குவது என்றார். அந்த வேலை போயிற்று. அடுத்தது கோயம்புத்தூர். அதற்கு அவரே சரி என்றார். புறப்படுகிற அன்று அவளை வாசலில் நிற்க வைத்துப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சாமானாகப் பார்த்தார். சார்ஜர் ஒயர், ஜிப், செருப்பு. முடிந்தது என்று அவள் கால் எடுத்து வைத்தபோது, பெட்டிச் சக்கரம் ஆடுகிறது என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பஸ் போய்விட்டது. "பஸ்ஸு நாளைக்கும் வரும் கண்ணு," என்றார். சேர வேண்டிய நாளோ அடுத்த நாள். அந்தக் கம்பெனி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. அவள் அழவில்லை. பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, பீரோ அடைத்த பின்கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள் என்று அக்கா சொன்னார்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் பேசுவது குறைந்தது. மாலையில் என் வீட்டுக்கு வந்து டிவி பார்ப்பது போல உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் என்னிடம் சொன்னாள்:

"அப்பா என்னைத் திட்டினதே இல்ல ஆன்ட்டி. திட்டிட்டா சண்டை போட்டுட்டுப் போயிடுவேன். அவரு என் ஷூ லேஸைக் கட்டிவிடுறாரு. குனிஞ்சிருக்கிற தலையைத் தாண்டி எப்படிப் போறது?"

இருபத்தி மூன்று வயசுப் பெண். நான் அந்த வயசில் விருதுநகரிலிருந்து முன்பின் தெரியாத இந்த ஊரில் வந்து இறங்கியவள். எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை.

மூன்றாவதாக ஓசூரில் ஒரு வேலை வந்தது. இதுவும் போனால் இனி எழுதிப் போட எனக்குத் தெம்பு இல்லை என்று தேன்மொழி சொல்லிவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தால் அது மிரட்டலாகத் தெரியவில்லை. துணிமணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மடித்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவள் பெட்டி என் கட்டிலுக்கு அடியில் நிறைந்தது. சொல்லாமல் போய்விடு, அப்பா டூட்டிக்குப் போனதும் கிளம்பு என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "திருட்டுத்தனமா போனா நான் தப்பு பண்ணின மாதிரி ஆயிடும். வாசல் வழியாதான் போவேன். அவரு நிக்கும்போதுதான் போவேன்."

அன்று காலை அக்கா வேண்டுமென்றே டூட்டியில் இருந்தார். தான் இருந்தால் தன்னையும் சேர்த்து நிற்க வைத்துவிடுவார், அதிலேயே நேரம் போய்விடும் என்றார். நான் பெட்டியை ஆட்டோவில் ஏற்றி, ஆட்டோவைத் தெருமுனைப் பலாமரத்தடியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, என் வாசலில் கோலம் போடுவது போல நின்றேன். புள்ளியெல்லாம் கோணலாக விழுந்தது.

தேன்மொழி தோள்பையோடு வந்து அவர் முன்னால் நின்றாள். ஓசூர் போகிறேன் அப்பா என்றாள். அவர் வழக்கம்போல ஆரம்பித்தார். தலை, தோள், வார், முதுகு. குனிந்து செருப்பையும் பார்த்தார். நிமிர்ந்தார். கையைத் தூக்கினார். தட்டிவிடுவார் என்று நினைத்தேன். கை அந்தரத்தில் நின்றது. பிறகு கீழே இறங்கி மறுபடி அவள் கழுத்துப் பக்கம் போனது.

"துப்பட்டா நீளமா இருக்குதே. ஆட்டோ சக்கரத்துல மாட்டும். இரு, முதல்லேர்ந்து பாத்துடலாம்."

அவள் அவர் கையைப் பிடித்தாள். இறுக்கியெல்லாம் இல்லை, சும்மா பிடித்தாள்.

"என்னைப் பாத்தாச்சுப்பா. நீங்கதானே கடைசி ஆள்? திரும்புங்க. உங்க முதுகை நான் பாக்குறேன்."

அந்த மனுஷன் ஒரு கணம் அவளையே பார்த்தார். பட்டாளத்தில் எத்தனையோ முறை கேட்ட சொல் அது, ஆனால் இந்த வீட்டில் அவரிடம் யாரும் அதைச் சொன்னதில்லை. கண் கலங்கியது போலக்கூட எனக்குத் தெரிந்தது. பிறகு குதிகாலில் திரும்பி, சுவரைப் பார்த்து, கைகளைச் சற்று விலக்கி விறைப்பாக நின்றுகொண்டார்.

தேன்மொழி அவர் முதுகை நன்றாகவே பார்த்தாள். பனியனில் ஓட்டை இருந்தது. தோள்பட்டை ஒரு பக்கம் சரிந்திருந்தது. என்னைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, படியிறங்கி, கேட்டைத் தாண்டி நடந்தாள். ஓடவில்லை.

ஆட்டோ கிளம்புகிற சத்தம் பிளாக் முழுக்கக் கேட்டது. விமான இரைச்சலில் ஒரு கொக்கி மாட்டுகிற சத்தத்தைப் பிரித்துக் கேட்ட காது அது. அதற்கு இது கேட்காமலா இருக்கும்? அவர் திரும்பவில்லை. நான் கோலமாவுக் கிண்ணத்தோடு அப்படியே நின்றேன். போய் ஒரு தட்டு தட்டிவிடலாமா என்று கூட நினைத்தேன். அதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது? உள்ளே போய்விட்டேன். குழம்புக்குப் புளி கரைத்துவிட்டு எட்டிப் பார்த்தபோதும் அவர் சுவரைப் பார்த்தபடிதான் நின்றார்.

பதினோரு மணி வாக்கில் அவள் விருத்தாசலம் தாண்டிவிட்டதாகப் போன் செய்தாள். உளுந்தூர்ப்பேட்டையில் பஸ் மாறி நேரே போய்விடுவேன் என்றாள். அதைச் சொல்லலாம் என்று அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். என்னைத் திட்டுவார், திட்டட்டும் என்றுதான் போனேன். அவர் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பஸ் ஏறிவிட்டாள் அண்ணே என்றேன். தலையை ஆட்டினார். உட்காருங்க என்று எதிரில் காட்டினார். உட்கார்ந்தேன்.

"எல்லாரும் குதிச்சப்பறம் பிளேனு எப்படி இருக்கும் தெரியுமா தங்கச்சி?" என்றார்.

"தெரியாதுண்ணே."

"பாரம் கொறைஞ்சதும் மேல தூக்கும். பிளேன் உள்கம்பியில கொக்கி மாட்டி அவனவன் பாராசூட்டை இழுத்துத் திறந்துவுட்ட வாரு மட்டும் கதவுக்கு வெளிய தொங்கிகினு, பிளேன் வவுத்துல அடிச்சிகினு கெடக்கும். அத்தனையும் நான்தான் ஒத்தை ஆளா உள்ள இழுக்கணும். அந்த முனையில ஆளு இருக்காது. வெறும் வாரு." கையை ஒரு முறை இழுத்துக் காட்டினார். "இவனுங்க எல்லாம் என்னைப் பத்தி என்னா பேசிக்கிறானுங்கன்னு எனக்குத் தெரியும். விழுந்துடுவாங்கன்னு எனக்கு என்னிக்கும் பயம் இருந்ததில்ல. குதிச்சவனுக்குக் கீழ பூமி இருக்குது. கூட நாலு பேரு எறங்குறான். கதவை மூடிட்டுத் திரும்பிப் பாத்தா அத்தினி சீட்டும் காலியா இருக்குமே, அதைத்தான் என்னால பாக்க முடியல."

காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. எதையாவது கேட்க வேண்டும் என்று கேட்டேன்.

"ரொம்ப நேரம் அப்படி இருக்கணுமாண்ணே?"

"இல்ல, இல்ல. கொஞ்ச நேரந்தான்." பீரோ அடைத்த பின்கதவு, முன்கதவு என்று இரண்டையும் பார்த்தார். "பிளேனு எறங்கிடும் தங்கச்சி."

என் வீட்டிலிருந்து குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. எழுந்திருக்கத்தான் நினைத்தேன். எழுந்தால் இன்னும் ஒரு ஆள் போனதாகிவிடும். தீய்ந்தால் தீய்ந்துவிட்டுப் போகட்டும் என்று, அக்கா டூட்டி முடிந்து வருகிற வரைக்கும் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.